பேஸ் வரிசையில் ஒரு மீன்வாய்

முள்ளக்கரையில், எங்கள் ஆலயத்தின் நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தொண்ணூற்றெட்டுப் பேருடைய பாட்டுக்குரல் ஒருவர் தொண்டையிலிருந்து இன்னொருவர் தொண்டைக்கு மாறிப்போனது. அதற்காக யாரும் மயங்கி விழவில்லை, யாரும் போலீசுக்குப் போகவில்லை. டீ வந்தது, சுண்டல் வந்தது, எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு அங்கே பாட நின்றவர்கள் நூற்றியொரு பேர். குரல் மாறாத மூன்று பேரில் நான் ஒருவன். மாறாமல் இருந்ததில் என்ன வெட்கம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் அந்த மாதம் அதைவிடப் பெரிய வெட்கம் வேறு கிடையாது.

என் பெயர் தாவீது. பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஆலயத்துக் கொயரில், ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் வரிசையில், ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கும் பொன்ராஜ் அண்ணாச்சிக்குப் பக்கத்தில், பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். என் மனைவி கிருபா அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ்; கொயரில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவில் பாடுகிறாள். எங்கள் கொயர் நாற்பத்தொரு பேர், கடற்கரைச் சாலைக் கல்லூரியின் மாணவர் கொயர் அறுபது பேர், இரண்டும் சேர்ந்து ஆண்டு விழாவில் பாட வேண்டும் என்று போதகர் ஆசைப்பட்டார். போதகர் ஆசைப்படுவதோடு நிறுத்திக்கொண்டு மதுரைக்கு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் கொயரை நாற்பது வருஷமாக நடத்துகிறவர் ஞானமுத்து சார். அவருடைய ஆர்மோனியம் உப்புக்காற்றில் ஊறி ஊறி அரை சுரம் கீழே இறங்கியிருந்தது, சாரோ உலகத்தில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் அரை சுரம் மேலே ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். மாணவர் கொயரை நடத்தும் ரெஜினா மிஸ் புது கீபோர்டோடு வந்து நின்று, "சார், உங்க பெட்டி அரை சுரம் கீழ நிக்குது," என்றார். "நாப்பது வருஷமா ஆண்டவருக்கு இது கீழன்னு தெரியலியே மிஸ்," என்றார் சார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் ஒரே நேரத்தில் அவரவர் வாத்தியத்தில் ஆதார சுரமான 'டோ'வை அவரவர் இஷ்டத்துக்குக் கொடுக்க, சார் இயற்றி நான்கு பாகமாகப் பிரித்திருந்த ஆண்டு விழாப் பாட்டை நூற்றியொரு வாய்கள் அந்த இரண்டு டோவுக்கும் நடுவில் எங்கேயோ தொடங்கின, முதல் சரணம் முடிந்து இரண்டாம் சரணத்துக்கு மூச்செடுத்தபோது மாறுதல் நடந்து முடிந்திருந்தது. கடைசிச் சரணத்தில் தனியாகப் பாடத் தேர்வாகியிருந்த ஷெரின் என்ற இரண்டாம் ஆண்டு மாணவியின் வாயிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் சளி பிடித்த குரல் வந்தது. பேசிப் பார்த்தால் அவரவர் பேச்சு அவரவரிடம் இருந்தது, பாடினால் மட்டும் வேறு ஆள் பாடினார்.

ஒரு வாரத்தில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி தாலாட்டுப் பாடப் பயந்து, தன் குரல் வைத்திருந்த வங்கி மேலாளர் வீட்டுக்குத் தினமும் மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள், அவரும் சட்டைப் பட்டனை மாட்டிக்கொண்டு வந்து தாலாட்டிவிட்டுப் போனார். பக்கத்துத் தெரு பஜனைக் குழு அந்த மாதம் முழுக்க எங்கள் ஆட்களைக் கண்டால் வாயை இறுக்க மூடிக்கொண்டது. ஆனால் பழகிப்போனதே தவிர நம்பிக்கை போய்விட்டது. என் குரலை வைத்துக்கொண்டு அவன் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறான் என்று ஒரு புகார், நல்ல குரல் கிடைத்தவள் தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்கிறாள் என்று ஒரு புகார். கல்லூரிப் பெற்றோர்கள் வேன் பிடித்து வந்து, எங்கள் பிள்ளைகளின் இளங்குரல்களைக் கிழங்கள் திட்டம் போட்டுப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஆலய வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். ஷெரினின் குரல் பொன்ராஜ் அண்ணாச்சியிடம் இருப்பது தெரிந்ததும் அவளுடைய அப்பா ஐஸ் பேக்டரிக்கே போய்விட்டார். போனவர், அண்ணாச்சி குளிர் அறைக்குள் போவதை நிறுத்திவிட்டு, கழுத்தில் மப்ளரும் கையில் மிளகு வெந்நீருமாக வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிட்டார்.

மாறாமல் இருப்பது என்றால் என்ன அர்த்தம் என்று சாரோன் டீச்சர் மூலமாகத்தான் ஊருக்குப் புரிந்தது. டீச்சர் பெண்களின் மேல்குரலான சோப்ரானோவில் முதல் வரிசையில் முப்பது வருஷம் நின்றவர், தலையை ஆட்டி, புருவத்தை உயர்த்தி, உருகி உருகிப் பாடுகிறவர். இரண்டாவது சனிக்கிழமை அவர், "எனக்கு ஒண்ணும் மாறலப்பா, ஆண்டவர் என்னையக் காப்பாத்திட்டாரு," என்று சந்தோஷமாகச் சொன்னார். கொஞ்ச நேரம் எல்லோரும் அவருக்காகச் சந்தோஷப்பட்டார்கள். பிறகு அவருக்கு இரண்டு பக்கமும் நிற்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாயிலிருந்து வெளியே வந்த குரல்தானே மாறியது, வெளியே வராத குரல் எப்படி மாறும் என்று கல்லூரிப் பையன் ஒருவன் சத்தமாகக் கேட்டான். அந்தப் பையனுக்கும் குரல் மாறவில்லை என்பது அடுத்த நாள் தெரிந்தது, அது வேறு கதை.

சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து மூடுகிறவர்களுக்கு எங்கள் கடற்கரையில் மீன்வாய் என்று பெயர். சாரோன் டீச்சரின் முப்பது வருஷம் ஒரே சாயங்காலத்தில் மீன்வாயாகிவிட்டது. அவர் மார்க்கெட்டுக்குப் போனால் கூடைக்குள் கிடக்கிற மீனைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் இரண்டு ஞாயிறு ஆலயத்துக்கு வரவில்லை, டீச்சரின் கணவர் மட்டும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போனார். அந்த முதுகு வாசலைத் தாண்டும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானும் ஒரு காலத்தில் பாடினேன். கொயரில் சேர்ந்த முதல் நாள் என் குரலைக் கேட்டதும் ஞானமுத்து சார் இடது கையைக் கீழே இறக்கி, "தம்பி, கொஞ்சம் மெதுவா," என்றார். அடுத்த வாரம், "இன்னும் கொஞ்சம் மெதுவா." அதற்கடுத்த வாரமும் அந்தக் கை இறங்கியது. நான் சொன்னபடி கேட்கிற பிள்ளை, மெதுவாகி மெதுவாகி ஒரு நாள் சத்தமே இல்லாமல் போய்விட்டேன், அன்றைக்கு சார் என்னைப் பார்த்துத் தலையாட்டி, "இப்பச் சரியா இருக்கு," என்றார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகும்போது, முன்வரிசை ஆல்டோவில் நின்ற ஒரு நர்சிங் மாணவி, பின்னாலிருந்து வந்த பேஸ் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் பொன்ராஜ் அண்ணாச்சிக்கும் நடுவில் இரண்டு சாண் இடைவெளிதான் இருக்கும். அவர் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடுகிறவர், நான் வாயை நன்றாகத் திறந்து, கண்ணை நேராக வைத்து நிற்கிறவன். அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி திரும்பி என்னையே பார்த்தாள். எட்டு மாதத்தில் கல்யாணம் நடந்தது. அந்தக் குரல் என்னுடையது இல்லை என்று அடுத்த வாரம் சொல்லிவிடலாம், அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன், தள்ளத் தள்ள அது கனமாகிக்கொண்டே வந்தது. வீட்டில் பாடினால் தொண்டை கெட்டுவிடும், என் பாட்டு ஆலயத்துக்கு மட்டும்தான் என்று சொல்லிவைத்தேன். குடும்ப ஜெபத்தில் அவள் பாடுவாள், நான் வேதம் வாசிப்பேன். எங்கள் மகள் இப்போது கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தாலாட்டுக்கூட நான் பாடவில்லை.

குரல்கள் மாறிய மறுநாள் காலை, நான் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து பொன்ராஜ் அண்ணாச்சி பாடினார். ரேசர் கன்னத்தில் கிழித்துவிட்டது. போய்ப் பார்த்தால் கிருபா தோசைக் கரண்டியோடு நிற்கிறாள், அவளுடைய வாயிலிருந்துதான் அந்தக் குரல், ஆழக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி, தரையே அதிரும்படி வந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவள் நிறுத்திவிட்டுச் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது.

"உங்க குரல் எங்கிட்ட வந்துட்டு," என்றாள். "நூறு பேர் இருக்கையில எங்கிட்டயே வந்திருக்கு பாத்தீங்களா?"

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். "தோசை கருகுது," என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக் கன்னத்தில் அழுத்திக்கொண்டேன்.

புகார்கள் பெருகியதால் மூன்றாவது சனிக்கிழமை ஞானமுத்து சார் விசாரணை வைத்தார். ஒவ்வொருவராக முன்னால் வந்து ஒரு வரி பாட வேண்டும், போன வருஷப் பதிவுகளைக் கைப்பேசியில் ஓட விட்டு, இது யாருடைய குரல் என்று இரண்டு கொயரும் சேர்ந்து சொல்ல வேண்டும், சார் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். பரீட்சை ஹால் மாதிரி எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் முறை நெருங்க நெருங்க நான் இருமினேன். கிருபா முந்தின நாளே என்னைச் சன்னல் பக்கம் உட்காரவைத்து, டார்ச் அடித்து, ஸ்பூனால் நாக்கை அழுத்தி, "தொண்டை சுத்தமா இருக்கே," என்று சொல்லியிருந்தாள். சொன்ன பிறகும் டார்ச்சை அணைக்காமல் கொஞ்ச நேரம் என் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முறை எனக்கு முன்னால் வந்தது. ஒரு வரி பாடினாள், ஆலயத்தின் பழைய சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"யார் குரல்ம்மா?" என்று சார் கேட்டார். அவருக்குத் தெரியாமலா இருக்கும், நாற்பது வருஷக் காது.

"எங்க வீட்டுக்காரர் குரல் சார்," என்றாள் கிருபா.

பேஸ் வரிசையில் இரண்டு பேர் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். சார் பேனாவை வைத்துவிட்டு மெதுவாகப் பொன்ராஜ் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மப்ளரை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"ஆமா சார்," என்றார் அண்ணாச்சி. "தம்பி குரல்தான். பக்கத்துலயே நின்னவன், எனக்குத் தெரியாதா?"

சார் எழுதிக்கொண்டார். அடுத்து என்னைக் கூப்பிட்டார், நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன், சார் என் முகத்தைப் பார்க்காமல், "சரி, போ," என்றார். விசாரணை முடிந்தபோது நோட்டில் இரண்டு இடம்தான் காலியாக இருந்தது: பொன்ராஜின் குரல் எங்கே என்று தெரியவில்லை, தாவீதின் தொண்டையில் யார் என்று தெரியவில்லை. ரெஜினா மிஸ் எட்டிப் பார்த்து, "அப்ப இவர் குரல்தான் அவர்கிட்ட இருக்கணும்," என்று சொல்ல, எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். என் மானம் தப்பியது. என் மனைவி கையில் என்னுடையது அல்லாத குரல் என் பெயரில் பத்திரமாகப் பதிவாகியது.

அன்றைக்குத் தொடங்கியது எனக்குச் சந்தேகம். ஒரு மனிதன் தன் குரலை, அதுவும் அப்படி ஒரு குரலை, நூறு பேர் முன்னால் தன்னுடையது இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்? பக்கத்தில் சத்தமே வரவில்லை என்று பத்தொன்பது வருஷமும் தெரிந்திருந்தால், அதை ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, ஏன் செய்துகொள்ளவில்லை? கிருபா அன்றைக்குத் திரும்பிப் பார்த்தபோது நோட்டுக்குள் முகத்தைப் புதைத்தாரே, அது வரி பார்க்கவா, வேறு எதற்கா? கடையில் ஒருவருக்கு வைக்க வேண்டிய கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டி அனுப்பும் அளவுக்கு இது என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஐஸ் பேக்டரிக்குப் போனேன்.

அண்ணாச்சி வாசலில் வெந்நீரோடு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார்.

"ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"எப்படி?"

"என் குரல்னு."

அவர் ஒரு மடக்குக் குடித்தார். "தங்கச்சி அவ்வளவு பேர் முன்னால சொல்லிட்டு. அதை எப்படி இல்லைன்னு சொல்லச் சொல்லுத?"

"எனக்காகச் சொன்னீங்களா, அவளுக்காகச் சொன்னீங்களா?"

"வெந்நீ ஆறுது, குடி," என்றார். நான் குடித்தேன், நாக்கு பொத்துப்போனது.

குரல்கள் தாமாகத் திரும்பி வருகிற வழியாகத் தெரியவில்லை. விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இரண்டு கொயரும் உட்கார்ந்து பேசி, ஆளைப் பார்க்காமல் தொண்டையில் இருக்கும் குரலைப் பார்த்து வரிசை அமைப்பது என்று முடிவு செய்தார்கள். வங்கி மேலாளர் ஆல்டோவுக்குப் போனார். பொன்ராஜ் அண்ணாச்சி பூப்போட்ட தாவணிகளுக்கு நடுவில், ஷெரினின் குரலோடு, சோப்ரானோ முதல் வரிசையில் போய் நின்றார். கிருபா பேஸ் வரிசைக்கு வந்தாள். அண்ணாச்சியின் இடம்தான் காலியாக இருந்தது, அங்கே நின்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு சாண்.

பத்தொன்பது வருஷமாக அவள் எனக்கு முன்னால் நின்றாள், என் சத்தமின்மை அவளுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. இப்போது அவளுடைய இடது காது என் வாய்க்கு நேராக இருந்தது. மீதியிருந்த ஒத்திகைகளை நான் இருமியே ஓட்டினேன். அவள் ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், "இன்னும் சரியாகலியா?" என்பாள், "விழாவுக்குச் சரியாயிரும்," என்பேன். விழாவில் இரும முடியாது. அங்கே நான் வாயை மட்டும் அசைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், பாடினாலும் தெரிந்துவிடும், ஏனென்றால் வரப்போவது பொன்ராஜின் குரல் இல்லை. சாரோன் டீச்சரின் கணவர் எழுந்து போன முதுகு என் கண்ணுக்குள்ளேயே நின்றது. கிருபா அப்படி என்னை விட்டு எழுந்து போவாளா என்று கணக்குப் போட்டுக்கொண்டே பன்னிரண்டு நாளும் கழிந்தன.

விழா நாளன்று ஆலயம் நிறைந்து, வாசல் நிறைந்து, ரோட்டில் பந்தல் போட்டு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். குரல் மாறிய கொயரைக் கேட்பதற்கென்றே மூன்று பஸ் நிறைய வெளியூர் ஜனம் வந்திருந்தது. பெண் குரலில் பாடும் ஆண்களையும் ஆண் குரலில் பாடும் பெண்களையும் பார்த்து முதல் வரியில் சிரித்தார்கள், இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. நன்றாகத்தான் பாடினார்கள். தன் தொண்டையில் இருப்பது அடுத்தவர் சொத்து என்பதால் ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் அலட்சியமாகப் பாடவில்லை, அவ்வளவு கவனமாக எங்கள் கொயர் அதற்கு முன்னாலும் பாடியதில்லை, பின்னாலும் பாடியதில்லை. நான் வாயைத் திறந்து, கண்ணை நேராக வைத்து, பழகிய வேலையைப் பழகியபடி செய்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது சரணத்தில் ஒரு வரியைப் பேஸ் மட்டும் பாட வேண்டும். மற்ற எல்லா வரிசையும் அடங்கியது, நாங்கள் பன்னிரண்டு பேர் தொடங்கினோம், நான்காவது சொல்லில் என் பக்கத்திலிருந்து வந்த குரல் நின்றுவிட்டது. மறந்துபோய் நிற்கவில்லை. கிருபா வாயை மூடிக்கொண்டு, தலையை என் பக்கம் லேசாகச் சாய்த்தாள். அவள் கேட்கிறாள் என்று தெரிந்தது. பெரிய குரல் நின்றதும் பேஸ் வரிசை நொண்டியது. சார் திடுக்கிட்டு எங்களைப் பார்த்தார்.

நான் பாடினேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. வெகுநாள் பூட்டிக் கிடந்த கடையின் ஷட்டரைத் தூக்கும்போது வருகிற சத்தம் மாதிரிதான் முதலில் வந்தது, ஒல்லியாக, கொஞ்சம் கரகரவென்று, சுரத்துக்குக் கால்வாசி மேலே. சாரின் இடது கை பழக்கதோஷத்தில் கீழே இறங்கி, மெதுவா என்றது. நான் மெதுவாகவில்லை. வரி முடியும்வரை பாடினேன், வரி முடிந்து மற்ற மூன்று பாகமும் சேர்ந்துகொண்டபோதும் பாடினேன், என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அந்த இடத்தில்தான் குரல்கள் மறுபடி மாறின. கடைசிச் சரணத்தைத் தபால்காரர் குரலிலாவது நானே பாடுவேன் என்று பிடிவாதமாக இருந்த ஷெரின் வாயைத் திறந்தபோது அவளுடைய சொந்தக் குரல் வந்தது, மேற்கூரைவரை போனது, அவளுடைய அப்பா முதல் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

முடிந்ததும் மேடையிலேயே ஆளாளுக்கு ஒரு வரி பாடிப் பார்த்து, "வந்துட்டு, வந்துட்டு," என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கைக்குழந்தைக்காரி பிள்ளையைத் தேடி ஓடினாள். கிருபாவிடம் யாரோ கேட்டதற்கு, "எனக்கும் வந்துட்டு," என்றாள். பாடிக் காட்டவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது நான் ஒரு அடி, அரை அடி பின்னாலேயே போனேன்.

"தொண்டை சரியாயிட்டா?" என்றாள்.

"ஆயிட்டு."

"சரி," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் கொயர் மட்டும் கூடியது. சாரோன் டீச்சர் வந்திருந்தார், அவருக்கு நடுவில் இடம் விட்டுக்கொடுத்தார்கள், அன்றைக்கு அவர் சத்தமாகவே பாடினார், நன்றாக இல்லை. என் பக்கத்தில் பொன்ராஜ் அண்ணாச்சி நோட்டுக்குள் முகத்தைப் புதைத்து நின்றார். பாட்டுத் தொடங்கி இரண்டு வரி போவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு எடுக்கிற இடத்தில் எடுக்கிறார், தாடை அசைகிற இடத்தில் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. அந்தக் கொயரில் வேறு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தத் தொழிலில் பத்தொன்பது வருஷ அனுபவம் எனக்கு மட்டும்தான் இருந்தது.

"அண்ணாச்சி," என்றேன் மெதுவாக. "உங்களுக்கு வரலியா?"

"சும்மா பாடு."

"என்னாச்சு அண்ணாச்சி?"

அவர் நோட்டை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். "பாடினா தங்கச்சி குரல்லா வருது," என்றார்.

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கியது. எல்லோரும் பாடிய நேரத்தில் கிருபா எனக்காகக் காது கொடுத்து வாயை மூடியிருந்தாள். வாயை மூடியவள் தொண்டையிலிருந்து பொன்ராஜின் குரல் வெளியே வரவில்லை, ஊர் சுற்றித் தன் வீட்டுக்கு வந்த அவளுடைய ஆல்டோ, உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த அண்ணாச்சியின் தொண்டையில் போய் ஒதுங்கிவிட்டது.

"கேட்டு வாங்கிக்கிடுங்களேன்," என்றேன்.

"அது அவங்களாக் குடுக்கணும். நான் கேக்க மாட்டேன்."

முன்வரிசையில் கிருபாவின் தாடையும் அளவாக அசைந்துகொண்டிருந்தது. சார் எங்கள் பக்கம் திரும்பி, பேஸில் என்னவோ குறைகிறது என்று புருவத்தை நெரித்தார். அண்ணாச்சியின் காது சிவந்துவிட்டது. நான் குரலை உயர்த்தினேன். சாரின் இடது கை இறங்கியது, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அண்ணாச்சி எனக்காகப் பத்தொன்பது வருஷம் பாடியிருந்தார், அவர் வாயசைப்பது வெளியே தெரியாமல் இருக்க இப்போது நான் பாட வேண்டியிருந்தது, அப்படிப் பாடும்போதுகூட அவர்மேல் எனக்குச் சந்தேகம் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் ஞாயிறு, ஆராதனை முடிந்து சாப்பிட்டு, நான் படுத்திருந்தேன். புறவாசலில் துணி துவைக்கிற சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் கேட்டது. எழுந்து போய் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கிருபா துவைகல் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, ஆண்டு விழாப் பாட்டின் பேஸ் வரியை, மூன்றாவது சரணத்தில் தான் விட்ட இடத்திலிருந்து, பொன்ராஜின் குரலில் பாடிக்கொண்டிருந்தாள். அவள் கட்டிக்கொண்டது அந்தக் குரலைத்தான். என்னை அதற்கு முகமாக வைத்துக்கொண்டிருந்தாள். கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தேன், கோபமும் வந்தது, அதைவிட அதிகமாக அந்தக் குரல் நின்றுவிடக் கூடாதே என்றும் இருந்தது. அவள் அதை எப்போது திருப்பிக் கொடுப்பாள் என்றோ, நான் பாடுவதில்லை என்பது அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்றோ கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடியே, பழக்கத்தில், என் வாய் தானாகத் திறந்து அந்த வரியோடு அசையத் தொடங்கியது.

அவள் திரும்பவில்லை. துணியைக் கல்லில் ஒரு அடி அடித்துவிட்டு, தன் பேச்சுக்குரலில் சொன்னாள்:

"வாயசைச்சது போதும். பாடுங்க."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து பாடினேன். சுரத்துக்குக் கால்வாசி மேலேதான் இருந்தது. இந்தத் தடவை அவள் நிறுத்தவில்லை.